நாற்பத்தேழு எங்கே?

ராத்திரி ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. அம்மா புரண்டு படுத்தபடியே “யானை ஆபீஸ்” என்பார். 2022 ஜூலையில் வந்த அந்த அழைப்பும் யானை ஆபீஸ்தான். வனவர் பேசினார்.

“தம்பி, நாற்பத்தேழு சிக்னல் இல்ல. ஒம்போது மணிக்கு அப்புறம் ஒண்ணுமே வரல. லைன் பக்கம் பலா மரம் ஒடியிற சத்தம் கேக்குதுங்கிறாங்க. அதுவா இருக்குமா?”

நாற்பத்தேழு ஒரு பெண் யானை. அவள் கழுத்தில் நாங்கள் மாட்டிய பட்டை, அதாவது காலர், மணிக்கொரு தடவை தான் இருக்கும் இடத்தைச் சாட்டிலைட் வழியாக அனுப்பும். திரையில் அது ஒரு புள்ளி. லேப்டாப்பைத் திறந்தேன். கடைசிப் புள்ளி ஒன்பது மணிக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, எதிர் மலைச் சரிவில். “அது அங்கதான் சார் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அன்றைக்குச் சொன்னது இது: “சார், புள்ளி ஒம்போது மணியோடது. இப்ப ரெண்டு ஆகப்போகுது. சத்தத்தை நம்புங்க.”

காலை 5.40க்கு எட்டுச் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. பதினோரு மணியிலிருந்தே அவள் லைனுக்குப் பின்னால் இருக்கும் ஓடைப் பள்ளத்தில் நின்றிருக்கிறாள். பலா சீசன். பழுத்த வாசம் வந்துவிட்டால் இரண்டரை கிலோமீட்டரெல்லாம் யானைக்கு ஒரு தூரமா?

எனக்கு ஊர் நீலகிரிக் கூடலூர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஏழு வருடம் வீடு வீடாக டிஷ் ஆன்டெனா மாட்டிக்கொண்டிருந்தவன். 2018இல் ஒரு யானை ஆராய்ச்சித் திட்டத்துக்கு, மரம் ஏறத் தெரிந்த, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. “சாட்டிலைட் அனுபவம் உண்டா?” என்று கேட்டார்கள். உண்டு என்றேன். பொய் இல்லை. டிஷ் மாட்டுகிறவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: வானத்தில் எந்த மூலை திறந்திருக்கிறது, எந்த மூலையைப் பலா மரம் மறைக்கிறது என்று. காலர் வேலையில் பாதி அதுதான்.

நாற்பத்தேழு என்பது காலரின் வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கம். கூட்டத்தின் மூத்த பெண் யானை. ஒரு கூட்டத்தையே பின்தொடர வேண்டும் என்றால் வயது வந்த பெண் யானைக்குத்தான் காலர் மாட்டுவார்கள்; கூட்டம் அவளோடு நடக்கும், அவள் கழுத்தும் இனிப் பெருக்காது. 2021 பிப்ரவரியில் மாட்டினோம். இரண்டு பக்கமும் கும்கி. மருத்துவர் சைலசின்-கெட்டமின் கலந்த ஊசியைப் போட்டு, அவள் நின்றவாக்கிலேயே சொக்கி நிற்க, பட்டையைத் தொண்டைக்கு அடியில் விட்டு மேலே இழுத்து போல்ட் முடுக்கும் வேலை எனக்கு. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு உள்ளங்கை அடுக்கி நுழைய வேண்டும். இறுக்கினால் புண்ணாகும், தளர்ந்தால் தும்பிக்கையை நுழைத்து இழுத்துவிடும். மொத்த எடை பன்னிரண்டு கிலோ சொச்சம். கனமான பேட்டரிப் பெட்டி கீழே தொங்கும், அந்தக் கனத்தாலேயே ஆன்டெனா எப்போதும் பிடரிக்கு மேலே வானத்தைப் பார்த்து நிற்கும். இதற்கு மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது. தூக்கணாங்குருவிக் கூடு தொங்குகிற கணக்குதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். “சிக்னல் இல்லை” என்று ஒரே வார்த்தையில் எல்லோரும் சொல்கிறார்கள். 2023 மே மாதம், கேரளத்தில் பிடித்துக் காலர் மாட்டிவிட்ட ஆண் யானை அரிக்கொம்பன், பெரியாறு புலிகள் காப்பகத்திலிருந்து இறங்கிக் கம்பத்துக்குள் நுழைவதற்கு முன்னும் பின்னும் டிவியில் இதே வார்த்தை ஓடியது. என் மாமா போன் போட்டு, “என்னடா உங்க சாட்டிலைட்டு, யானையைத் தொலைச்சுட்டு நிக்குது?” என்று கேட்டார், ஏதோ நான்தான் மேலே ஏவிவிட்ட மாதிரி.

காலருக்குள் இரண்டு தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் கேட்பான், ஒருத்தன் பேசுவான். கேட்பவன் ஜிபிஎஸ். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடுவான். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வதில்லை. பேசுபவன் வேறு. எங்கள் காலரில் அது இரிடியம் என்ற செயற்கைக்கோள் கூட்டத்தோடு பேசும் மோடம். 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள் துருவத்துக்குத் துருவம் ஓடுகின்றன. முதலில் 77 ஏவுவதாகத் திட்டமாம். இரிடியம் தனிமத்தின் அணு எண் 77, அதனால் அந்தப் பெயர். எண்ணிக்கையைக் குறைத்தார்கள், பெயரை மாற்றவில்லை. கேட்பவன் எழுதிக் கொடுத்த சீட்டை, தலைக்கு மேல் ஒரு இரிடியம் போகும்போது இவன் கத்திச் சொல்ல வேண்டும்.

ஆக, செய்தி வந்து அதில் இடம் மட்டும் காலியாக இருந்தால் கேட்பவனுக்குச் சிக்கல். செய்தியே வரவில்லை என்றால் பேசுபவனுக்குச் சிக்கல், அல்லது இருவருக்கும் சோறு போடுகிற பேட்டரிக்குச் சிக்கல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. முதலில் எது என்று பாருங்கள், பிறகு பதறலாம்.

இரண்டு பேருக்கும் பொது எதிரி தண்ணீர். நனைந்த இலைக் கூரை, பிடரி மேல் அப்பிய ஈரச் சேறு எல்லாம் இந்த அலைகளை உறிஞ்சும். யானையோ தினமும் சேறு பூசிக்கொள்ளும் பிராணி. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் இன்னொரு தொல்லை: வானமே ஒரு கீற்றுதான் தெரியும். நாலைந்து செயற்கைக்கோள் கண்ணில் பட்டாலும் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். புள்ளி வரும், ஆனால் ஐந்நூறு மீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் விழும். ஆறு தாண்டிவிட்டது என்று ரேஞ்சருக்குச் செய்தி போகும். தாண்டியிருக்காது.

பேச முடியாதபோது காலர் புள்ளிகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, வானம் திறந்ததும் மொத்தமாக அனுப்பும். அப்போது வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்து வரிசைப்படுத்தினால் யானை ஐந்து நிமிடத்தில் ஏழு கிலோமீட்டர் ஓடியதாகத் தெரியும். புள்ளி பிடித்த நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காலருக்கு நம்ம ஊர் நேரம் தெரியாது, உலகப் பொது நேரம்தான். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க நான் கூட்டவே இல்லை. “சார், இந்தக் கூட்டம் ராத்திரி ஒம்போதரைக்குத் தவறாம ரோடு தாண்டுது” என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அவர்களும் ஒன்பது மணியிலிருந்து ரோட்டில் காத்துக் கிடந்து, பதினொன்றுக்குத் திட்டிக்கொண்டே கிளம்பிப் போனார்கள். கூட்டம் அதிகாலை மூன்று மணிக்குத் தாண்டிக்கொண்டிருந்தது.

காட்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு காலரையும் இரண்டு நாள் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி மேல் வைப்பேன். காலருக்குச் சுவிட்ச் கிடையாது. குறிப்பிட்ட இடத்தில் ஒரு காந்தம் ஒட்டியிருந்தால் தூக்கம், எடுத்தால் விழிப்பு. அந்தக் காந்தம் எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும், பைக் சாவியோடு ஒட்டிக்கொண்டு. மாடியில் இரண்டு நாள் கிடந்தால் நாற்பத்தெட்டுப் புள்ளி வர வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் விழாது. பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குச் சிதறும். ஒரு தடவை பக்கத்து வீட்டு அக்கா சமையலறை மேல் பதினோரு புள்ளி விழுந்தது. படத்தைக் காட்டினேன். “உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு” என்றார்.

மாடிச் சோதனையில் பேட்டரியும் தெளியும். இந்தக் காலர்களில் இருப்பது 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு வகை. பல மாதம் சும்மா கிடந்தால் உள்ளே லித்தியத்தின் மேல் மெல்லிய படலம் படியும். அது நல்லதுதான், அதனால்தான் வருடக்கணக்கில் சக்தி கசியாமல் இருக்கிறது. ஆனால் படலத்தோடு இருக்கும்போது பேசுபவன் திடீரென்று மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் தடாலென்று சரிந்து, காலர் அணைந்து அணைந்து எரியும். புத்தம் புதுக் காலர், வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. சில முறை பேசவிட்டால் படலம் உடைந்து சரியாகிவிடும். இதே பேட்டரியின் இன்னொரு குணம், சாகும் கடைசி வாரம் வரை வோல்டேஜ் இறங்காது. ஆரோக்கியமாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்து ஒரு நாள் பொசுக்கென்று போய்விடும். அதனால் நான் வோல்டேஜை நம்புவதில்லை. இதுவரை எத்தனை செய்தி அனுப்பியது என்று நோட்டில் எண்ணி வருகிறேன், பால் கணக்கு மாதிரி.

பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆறு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி போதும் என்று எல்லோருக்கும் தோன்றும். கணக்கு அவ்வளவு நேராக இல்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள முப்பது வினாடி வேண்டும், வாங்கியது சுமார் நான்கு மணி நேரம்தான் செல்லும். மணிக்கொரு தடவை விழிக்கும் காலர் பழைய விவரத்தை வைத்துச் சில வினாடியில் புள்ளியைப் பிடித்துவிட்டுத் தூங்கும். ஆறு மணிக்கொரு தடவை விழிப்பது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்க வேண்டும், அதுவும் இலைக்கூரைக்கு அடியில், விட்டு விட்டு. மொத்தச் செலவு குறையத்தான் செய்யும். ஆறில் ஒன்றாகக் குறையும் என்று நினைத்தால் ஏமாற்றம்.

2019இல் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. பழைய திட்டத்தில் மிஞ்சிய காலர் ஒன்றை மே மாதக் கடைசியில் மாடியில் வைத்தேன். இடம் சரி, நேரம் சரி, தேதி மட்டும் 1999 அக்டோபர். ஜிபிஎஸ் வாரங்களைப் பத்து பிட்டில் எண்ணுகிறது. 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். அந்த வருடம் ஏப்ரல் 6 நள்ளிரவில் பூஜ்யம் ஆகியிருக்கிறது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சில 1999க்குத் திரும்பிப் போயின. 7168 நாளைக் கூட்டிக்கொண்டால் போதும். அம்மாவிடம் விளக்கினேன். “தொண்ணூத்தொம்போதுல தேயிலை பறிக்கக் கூலி எவ்வளவுன்னு அதுகிட்ட கேளு” என்றார்.

கேட்பவனும் பேசுபவனும் கைவிட்டால் மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான்: சாதாரண வி.எச்.எஃப். ரேடியோ பீப். நொடிக்கொரு தரம் அடிக்கும். கையில் மூன்று குச்சி யாகி ஆன்டெனாவும் ரிசீவரும் வேண்டும். காட்டில் இதற்கு எனக்கு குரு எங்கள் ட்ராக்கர் அண்ணன், காட்டுநாயக்கர் பழங்குடிக்காரர். ரிசீவர் காட்டுவதற்கு முன்பே மண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம். அவரிடம் கற்றதில் உருப்படியானது ஒரு தந்திரம். பீப் பலமாகக் கேட்கும்போது ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட வேண்டும். அப்போதும் கேட்கிறதா? யானை நூறு மீட்டருக்குள் இருக்கிறது. ஆன்டெனா கழன்ற பிறகும் பீப் கேட்டால் நாமும் கழன்றுகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. மலையில் சத்தம் எதிரொலிப்பதைப் போல பீப்பும் எதிர்ச் சரிவில் முட்டித் திரும்பும். ஒரே இடத்தில் நின்று திசை பார்க்காதே, குறைந்தது மூன்று இடத்திலிருந்து பார்த்துக் கோடு போடு என்றார்.

2022 ஆகஸ்டில் நாற்பத்தேழு நான்கு நாள் வாயே திறக்கவில்லை. அடைமழை. அண்ணன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். காலர் கம்பெனிக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் எழுதினேன். “காலரைத் திறந்தவெளியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தீர்களா?” என்று பதில் வந்தது. யானையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்து மேட்டில் நின்று யாகியைச் சுழற்றினேன். எதிர் மலையைக் காட்டியபோது பீப் கணீரென்று கேட்டது. மூன்று நாள் அந்த மலையைச் சுற்றினேன். அட்டைக் கடிதான் மிச்சம். வீட்டுக்கு வந்து மறுபடி மின்னஞ்சல். நடுவில் அம்மா வந்து, பின்பக்கம் வாழை ரெண்டு சாய்ந்து கிடப்பதாக ஏதோ சொன்னார். திரையை விட்டுத் தலை தூக்காமல், “பன்னியா இருக்கும்” என்றேன். ஐந்தாம் நாள் அவளே பேசினாள், ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒன்றும் நடக்காதது போல. தேங்கிய நான்கு நாள் புள்ளிகள் அதிகமாகிவிட்டதாலோ என்னவோ, வரவே இல்லை.

காலர் மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் குனோவில் சிவிங்கிப்புலிகளுக்கு மாட்டிய பட்டைகளுக்கு அடியில் மழைக்கால ஈரத்தில் புண் கண்டு, 2023 ஜூலையில் கழற்றிச் சோதிக்க வேண்டியதாயிற்று. வால்பாறையைப் பாருங்கள். காலரை நம்பாமலேயே, யானையைப் பார்த்தவர் சொல்ல, குறுஞ்செய்தியும் டிவியின் ஓட்டு வரியும் போனில் எரிய வைக்கும் சிவப்பு விளக்குமாக ஊரையே எச்சரிக்கும் ஏற்பாட்டை யானை ஆய்வாளர் எம். ஆனந்தகுமாரும் அவர் சகாக்களும் கொண்டுவந்தார்கள். 2015இல் அவருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்குத் தரும் விட்லி விருது கிடைத்தது. அங்கே கருவி மனிதர்களின் கண்தான். சாயங்காலம் கடையிலிருந்து நடந்து வருகிற கிழவிக்கு வேண்டியது இப்போது எங்கே என்பது. என் திரை சொல்வதோ ஒரு மணி நேரத்துக்கு முன்பு எங்கே என்பது.

2023 மார்ச் மாதம் ஒரு காலை அந்தச் செய்தி வந்தது: அசைவு இல்லை. பன்னிரண்டு மணி நேரம் காலர் ஆடாவிட்டால் தானாக வரும் செய்தி. கை சில்லிட்டுப் போயிற்று. பிறகுதான் வெப்ப வரிசையைப் பார்த்தேன். மத்தியானம் 39, விடிகாலை 15. உடம்போடு ஒட்டியிருக்கும் பட்டை அந்த அளவுக்குக் குளிராது. செத்த யானையின் உடம்புகூட ஒரே ராத்திரியில் அவ்வளவு சூடு இறங்காது. பட்டை தரையில் கிடக்கிறது.

அண்ணனோடு போனேன். பீப் இரட்டை வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று இடத்திலிருந்து கோடு போட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். உண்ணிச்செடிப் புதருக்குப் பக்கத்தில் ஒயரைக் கழற்றினேன், அப்போதும் கேட்டது. ஒரு வேங்கை மரத்தடியில் கிடந்தது. மரத்தில் என் தலைக்கு மேல் உயரத்துக்குச் சேறு தேய்ந்திருந்தது. “ஒரசி ஒரசியே கழட்டிட்டா” என்றார் அண்ணன். போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்து அறுந்திருந்தது. அந்தக் கோடையில் மறுபடி ஊசி போட்டுக் கழற்றுவதாக இருந்தோம், அவளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டினேன். பீப் நின்றது.

ஆபீஸ் பூட்டியிருந்ததால் அன்றைக்கு அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, திண்ணையில் வைத்துச் சேற்றைச் சுரண்டி ஒயர் மாட்டினேன். அனுப்பாமல் விட்ட புள்ளிகள்கூட நினைவகத்தில் அப்படியே இருக்கும். அந்த ஆகஸ்ட் நான்கு நாளும் இருந்தது. தொண்ணூற்றாறுக்கு எண்பத்தொன்பது புள்ளி. கேட்பவன் வேலை செய்திருக்கிறான், பேசுபவனுக்குத்தான் மழையில் தொண்டை கட்டியிருக்கிறது. படத்தில் போட்டுப் பெரிதாக்கினேன். எதிர் மலையில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூங்கில் பள்ளத்தில். இரண்டு ராத்திரி எங்கள் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நாற்பது மீட்டர்.

அம்மா தேநீர் டம்ளரோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். தேதியைக் கேட்டார். சொன்னேன்.

“ஆமா,” என்றார். “அந்த வாரந்தான் வாழை போச்சு. நீதான் பன்னின்ன.”